டி.எஸ்.ஹெச். கூடியிருந்தால் தைராய்டு குறைவு என்கிறார்களே, ஏன்?

கேள்வி இதுதான்: "ரத்தப் பரிசோதனையில் எனக்கு டி.எஸ்.ஹெச். 9 என்று வந்திருக்கிறது. 4 வரைதான் இயல்பு என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அப்படியென்றால் தைராய்டு அதிகம் என்றுதானே அர்த்தம்? மருத்துவரோ தைராய்டு குறைவு என்கிறார். இந்த நாளமில்லாச் சுரப்பிகள் எப்படித்தான் வேலை செய்கின்றன? அவற்றில் என்னென்ன கெட்டுப்போகும்?"

இந்தத் துறை மருத்துவத்திலேயே என் காலம் போயிருக்கிறது. எதிரே உட்கார்ந்து இதைக் கேட்காத நோயாளிகள் குறைவு. உங்கள் குழப்பம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டால் மற்ற சுரப்பிகளின் கணக்கும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

டி.எஸ்.ஹெச். தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் என்பதுதான் அந்தப் பெயரின் விரிவு. தைராய்டு தன் பங்குக்குச் சுரப்பவை டி4, டி3 என்ற இரண்டு. அவை ரத்தத்தில் போதுமான அளவு இருக்கின்றனவா என்று பிட்யூட்டரி ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். போதும் என்றால் அடங்கிக் கிடக்கும், குறைந்தால் டி.எஸ்.ஹெச்சைக் கூட்டும். வீட்டுக்குள் இருப்பவருக்குக் காது கேட்கவில்லை என்றால் வாசலில் நிற்பவர் குரலை உயர்த்துவார் இல்லையா? உங்கள் 9 அந்த வாசல் குரல். குரல் ஏன் உயர்ந்தது? உள்ளேயிருந்து பதில் சரியாக வரவில்லை, அதனால். தைராய்டு தேவைக்கு மேல் சுரந்துகொண்டிருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், டி.எஸ்.ஹெச். 0.01 என்ற அளவுக்குக்கூட இறங்கிவிடும்.

பிட்யூட்டரி இதில் மிகக் கூர்மையானது. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். இரண்டு மடங்காக ஏறாது, பல பத்து மடங்கு ஏறிவிடும். உடம்பு உணர்வதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடுகிறது. தைராய்டைப் பார்க்க முதலில் டி.எஸ்.ஹெச்சையே எடுக்கச் சொல்வது இதனால்தான். பாடப்புத்தகத்தில் இதற்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். வேலை செய்யும் சுரப்பி ஒன்று, அதற்குக் கட்டளையிடும் இடம் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடியே இருக்கும். ஒன்றின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. ஜோடியாகப் படிக்க வேண்டும். இந்தப் பதில் முழுக்க நான் சொல்லப்போவது கடைசியில் இதைத்தான்.

சரி, அடிப்படைக்கு வருவோம். நாளம் என்றால் குழாய். உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. சுரந்ததை அந்தக் குழாய் ஓரிடத்தில் கொண்டுபோய் விடும். தைராய்டு, அட்ரினல் போன்றவற்றுக்குக் குழாய் கிடையாது. சுரந்ததை நேராக ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. இதை முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு சேவல் சோதனை. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு என்ற மருத்துவர் இளம் சேவல்களின் விதைகளை அகற்றினார். விதை போன சேவலுக்குக் கொண்டை சுருங்கும், கூவாது, சண்டைக்கு நிற்காது. சில சேவல்களுக்கு மட்டும் விதையை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துத் தைத்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் மிச்சமில்லை. இருந்தும் அவற்றுக்குக் கொண்டை வளர்ந்தது, கூவின, சண்டை போட்டன. நரம்பு இல்லாமல் சேதி போகிறது என்றால் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் சேதிக்கு ஹார்மோன் என்ற பெயர் 1905இல்தான் வந்தது. இங்கிலாந்தின் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் கொடுத்த பெயர். கிளர்ந்தெழச் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

ரத்தம் போகும் இடமெல்லாம் ஹார்மோனும் போகிறது. ஆனாலும் எல்லா உயிரணுவும் அதற்குப் பதில் சொல்வதில்லை. அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஏற்பி என்ற ஒன்றை வைத்திருக்கும் உயிரணுவுக்கு மட்டும்தான் அது கேட்கும். அளவும் நம்ப முடியாத அளவுக்குச் சொற்பம்: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக உலவும் டி4 ஏறக்குறைய ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு இதயம் எந்த வேகத்தில் துடிக்க வேண்டும், குடல் எந்த வேகத்தில் நகர வேண்டும் என்பது வரை முடிவாகிறது.

எது கெடும் என்பதும் இதிலிருந்தே வந்துவிடுகிறது. சுரப்பி குறைவாகச் சுரக்கலாம், அதிகமாகச் சுரக்கலாம், கட்டளையிடும் இடமே பழுதாகலாம். நாலாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் நினைப்பதே இல்லை: ஹார்மோன் தாராளமாக இருந்தும் ஏற்பியின் பக்கம் அது கேட்காமல் போகலாம். 1942இல் அமெரிக்காவின் ஃபுல்லர் ஆல்பிரைட் இதைக் கண்டு எழுதினார். கால்சியம் குறைந்த சில நோயாளிகளுக்கு, கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பியின் சாற்றை ஊசி போட்டால் கால்சியம் ஏற வேண்டும், ஏறவே இல்லை. அவர்களுக்குக் குறைந்திருந்தது ஹார்மோன் அல்ல, அதைக் கேட்கும் திறன்.

பிட்யூட்டரிக்குத் தலைமைச் சுரப்பி என்று பட்டம் கொடுத்து வைத்திருக்கிறோம். பட்டாணி அளவு, எடை அரை கிராம் சுமார். உண்மையில் அதற்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு: மூளையின் பகுதியான ஹைப்போதலாமஸ். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ரத்தக்குழாய்கள் தனியாக ஓடுகின்றன. மேலிருந்து வரும் துளித்துளியான கட்டளை உடம்பு முழுக்கச் சுற்றி நீர்த்துப்போகாமல் நேராகக் கீழே இறங்கிவிடும். அந்தக் கட்டளைகளைப் பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் ரோஜர் கீயமனும் ஆண்ட்ரூ ஷாலியும் ஒருவருக்கொருவர் போட்டியாக ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். லட்சக்கணக்கான ஆடுகள், பன்றிகளின் மூளைத் துண்டுகளை அரைத்து வடித்தால் கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்தான். 1977இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்த மெல்லிய குழாய் அமைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருக்கிறது. பிரசவத்தின்போது ரத்தப்போக்கு அளவுமீறி, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் பெருத்திருக்கும் சுரப்பிக்கு ரத்தம் போதாமல் அதன் ஒரு பகுதி செத்துவிடலாம். இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். முதல் அறிகுறி தாய்க்குப் பால் சுரக்காதது. பிறகு மாதவிடாய் திரும்பாது. பின்னால் சோர்வு, குளிர் தாங்காமை, ரத்த அழுத்தம் தாழ்வது. பிரசவம் முடிந்து பல வருடம் கழித்து மயக்கத்தோடு வரும் பெண்ணிடம் "கடைசிப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா? குழந்தைக்குப் பால் கொடுத்தீர்களா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும், பாதி விடை வந்துவிடும். இவர்களுக்குத் தைராய்டும் குறைந்திருக்கும். ஆனால் டி.எஸ்.ஹெச். ஏறியிருக்காது, ஏனென்றால் குரல் கொடுக்க வேண்டியவரே விழுந்துவிட்டார். டி.எஸ்.ஹெச்சை மட்டும் பார்த்து "தைராய்டு நார்மல்" என்று அனுப்பிவிட்டால் அந்தப் பெண் இன்னும் சில வருடம் அலைவார்.

பிட்யூட்டரியில் வளரும் கட்டிகள் பெரும்பாலும் புற்று அல்ல. அவை செய்யும் தொல்லை இரண்டு வகை. மேலே போகும் பார்வை நரம்பை அழுத்தினால் பக்கவாட்டுப் பார்வை குறையும். கதவு நிலையில் தோள் இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். இன்னொன்று, ஏதாவதொரு ஹார்மோனை அளவில்லாமல் சுரப்பது. வளர்ந்த ஒருவருக்கு வளர்ச்சி ஹார்மோன் இப்படிச் சுரந்தால் உயரம் கூடாது. எலும்பின் வளர்முனைகள் எப்போதோ மூடிவிட்டன. கை, கால், தாடை, மூக்குதான் பெருக்கும்.

சர்க்கரைக்காக வந்த ஒருவர் நினைவில் இருக்கிறார். கை குலுக்கியபோது அவருடைய உள்ளங்கை ஈரமாக, மெத்தென்று, என் கையை மூடிவிடும் அளவுக்கு இருந்தது. மோதிரம் எங்கே என்றேன். இறுகிப்போய் வெட்டி எடுத்தார்களாம். பழைய அடையாள அட்டை இருந்தால் காட்டுங்கள் என்றேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய படம். அதையும் அவர் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்வீர்கள். புருவ எலும்பு புடைத்திருக்கிறது, கீழ்த்தாடை முன்னால் வந்திருக்கிறது, பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. காலணி அளவு இரண்டு எண் கூடியிருக்கிறது. கூடவே இருந்த மனைவி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் பார்க்கிற முகத்தில் இவ்வளவு மெதுவாக வரும் மாற்றம் யாருக்கும் தெரியாது. மூக்கின் வழியாகப் போய்க் கட்டியை எடுத்த பிறகு அவருக்குச் சர்க்கரையும் குறட்டையும் நன்றாகவே குறைந்தன.

பிட்யூட்டரியின் பின்பகுதியைப் பற்றி ஒரு சொல் விஷயம். அங்கிருந்து வரும் வாசோபிரசின்தான் சிறுநீரகத்திடம் நீரைத் திருப்பி எடுக்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூடச் சிறுநீர் போகலாம், அதில் சர்க்கரை துளியும் இருக்காது. நீரிழிவு என்ற நம் சொல் உண்மையில் இந்த நோய்க்குத்தான் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்திலும் சர்க்கரை நோயின் பெயரை ஒட்டியே இதற்கும் பெயர் இருந்ததால் மருத்துவமனைகளில் இவர்களைச் சர்க்கரை நோயாளி என்று நினைத்து உயிர்காக்கும் மருந்தை நிறுத்தியதெல்லாம் நடந்திருக்கிறது. 2022இல் உலகளவிலான வல்லுநர் குழு ஒன்று, வாசோபிரசின் குறைபாடு என்றே சொல்லுங்கள் என்று பெயரை மாற்றச் சொன்னது.

இனி உங்கள் தைராய்டு. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில், 20 கிராம் அளவில் இருக்கிறது. அயோடின்தான் அதற்குக் கச்சாப்பொருள். டி4இல் நான்கு அயோடின் அணு, டி3இல் மூன்று. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிகளுக்கு 250. அயோடின் குறைந்தால் சுரப்பி, கிடைப்பதையெல்லாம் பிடித்துக்கொள்ளப் பெருத்துக்கொண்டே போகும். முன்கழுத்துக் கழலை என்பது இதுதான். மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் பெரிதாக எதையும் சேமித்து வைப்பதில்லை. தைராய்டு மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையானதைத் தன்னுள்ளேயே இருப்பு வைத்திருக்கும்.

தைராய்டு எதற்கு என்பதை உலகம் தெரிந்துகொண்ட விதம் வேதனையானது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் கழலை அறுவையில் தேர்ந்த கை. ரத்தம் சிந்தாமல் சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவார். பிற்பாடு அந்த நோயாளிகளை வரவழைத்துப் பார்த்தபோது முகம் ஊதி, பேச்சும் நடையும் மந்தமாகி, சிறுவர்கள் வளராமலே நின்றிருந்தார்கள். அதை அவர் மறைக்கவில்லை. 1883இல் மருத்துவர் சபையில் எடுத்துச் சொல்லி, புற்று இல்லாதவர்களுக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பதைக் கைவிட்டார். 1909இல் அவருக்கு நோபல் கிடைத்தது. 1891இல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் முர்ரே ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அந்தப் பெண் அதன் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். ஒரு சுரப்பி செய்யாததை வெளியிலிருந்து கொடுத்துச் சரிசெய்யலாம் என்பதற்குக் கிடைத்த முதல் நல்ல சான்று அது.

இன்றைக்கு அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் ஹாஷிமோட்டோ நோய், 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹக்கரு ஹாஷிமோட்டோ விவரித்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். அறிகுறிகள் எல்லாம் சாதாரணமானவை, அதுதான் ஆபத்து. சோர்வு, குளிர், மலச்சிக்கல், முடி உதிர்வு, மாதவிடாய் கூடுதல், எடை சில கிலோ ஏறுவது, மறதி. அந்த ஆளையே குறை சொல்லிவிடுவார்கள்: சோம்பேறி ஆகிவிட்டாள், எதிலும் ஒட்டுதல் இல்லை. வருடக்கணக்கில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தானே அதை நம்பிவிட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் கழித்து "நான் சோம்பேறி இல்லை டாக்டர்" என்று ஒருவர் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அதிகமாகச் சுரப்பது வேறு கதை. கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் ஒன்று உருவாகி டி.எஸ்.ஹெச்சின் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு பொய்க் கட்டளை கொடுக்கும். பிட்யூட்டரி வாயை மூடிவிட்டாலும் தைராய்டு ஓடிக்கொண்டே இருக்கும். படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, வியர்வை, சிலருக்குக் கண் துருத்துவது. வயதானவர்களுக்கு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது மட்டுமே அறிகுறியாக வரலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. பிறவியிலேயே தைராய்டு குறைவு ஏறக்குறைய 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. பிறந்ததும் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, தாயிடமிருந்து வந்த ஹார்மோன் இன்னும் மிச்சமிருக்கும். குதிகாலில் குத்திச் சில சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்து, முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து படிக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மூளை இழந்ததைத் திரும்பக் கொடுக்க எந்த மருந்தாலும் முடியாது. குழந்தை பிறந்த வீட்டில் யாராக இருந்தாலும், அந்தச் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு, பொதுவாக நான்கு, அரிசியைவிடச் சற்றுப் பெரிய பாராதைராய்டுகள் இருக்கின்றன. வேலை ஒன்றே: ரத்தத்தில் கால்சியத்தை டெசிலிட்டருக்கு 8.5க்கும் 10.5 மில்லிகிராமுக்கும் நடுவில் பிடித்து வைப்பது. இவற்றுக்குப் பிட்யூட்டரியின் கட்டளை கிடையாது; கால்சியமே கட்டளை. தைராய்டு அறுவையில் இவற்றின் ரத்த ஓட்டம் பாதிக்கப்படுவது உண்டு. அறுவை முடிந்த இரண்டாம் நாள் காலை ஓர் இளம்பெண், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது, விரல்நுனி மரத்துப்போகிறது என்றார். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் கட்டி, அழுத்தத்தை ஏற்றி அப்படியே பிடித்து வைத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது, மற்ற விரல்கள் நேராக நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, மணிக்கட்டு வளைந்தது. அவர் நினைத்தாலும் பிரிக்க முடியவில்லை. பட்டையைத் தளர்த்தியதும் கை மெல்லப் பழையபடி ஆனது. ரத்தச் சோதனை வரும்வரை காத்திருக்கவில்லை, கால்சியத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றத் தொடங்கினோம். பாராதைராய்டு அதிகமாகச் சுரந்தால் எதிர்ப்பக்கம்: எலும்பிலிருந்து கால்சியம் உருவப்படும், சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் முறை கல் வந்தவர் ரத்தத்தில் கால்சியம் பார்த்துக்கொள்வது நல்லது.

அட்ரினல் சுரப்பிகள் சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கின்றன. உள்பகுதி அட்ரினலின் சுரக்கிறது, எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். ஆனால் அட்ரினலின் இல்லாமல் சமாளித்துவிடலாம், வெளிப்பகுதி தரும் கார்டிசால் இல்லாமல் உயிரோடு இருக்க முடியாது. ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது, நோய் வந்தால் உடம்பு நிலைகுலையாமல் பார்ப்பது எல்லாம் அதன் வேலை. காலை எழும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்தில்.

1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், அட்ரினல் அழிந்துபோன நோயாளிகளை விவரித்தார். மெலிவு, பலவீனம், வாந்தி, கூடவே தோல் கறுத்துப்போவது: உள்ளங்கை ரேகைகளில், ஈறுகளில், பழைய தழும்புகளில். ஏன் கறுக்கிறது? அட்ரினல் பதில் சொல்லாததால் பிட்யூட்டரி தன் கட்டளையான ஏ.சி.டி.ஹெச்சைக் கொட்டுகிறது. அது தோலின் நிறமி உயிரணுக்களையும் தூண்டிவிடும். உங்கள் டி.எஸ்.ஹெச். 9 காகிதத்தில் காட்டுவதை அடிசன் நோய் தோலிலேயே எழுதிக் காட்டிவிடுகிறது. பிட்யூட்டரி பழுதாகிக் கார்டிசால் குறைந்தவர்களுக்கு மற்ற எல்லாம் இருக்கும், இந்தக் கறுப்பு மட்டும் இருக்காது.

கார்டிசால் அதிகமானால் குஷிங் நோய்: முகம் உருண்டு சிவக்கும், வயிறு பெருத்துக் கைகால் மெலியும், தோலில் ஊதா நிறக் கோடுகள், தொட்டாலே கன்றிப்போவது, ரத்த அழுத்தம், சர்க்கரை, எலும்பு முறிவு. கட்டியால் வருவது அபூர்வம். வெளியிலிருந்து எடுக்கும், கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தால் வருவதுதான் அதிகம். ஆஸ்துமா, மூட்டு நோய் என்று எத்தனையோ பேரை ஸ்டீராய்டு காப்பாற்றுகிறது, அந்த மருந்தின்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் வாரக்கணக்கில் எடுத்தால் பிட்யூட்டரி "வெளியிலிருந்துதான் வருகிறதே" என்று கட்டளையை நிறுத்திவிடும், அட்ரினல் சுருங்கிவிடும். அந்த நிலையில் மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் ஒரு காய்ச்சலோ வாந்திபேதியோ வரும்போது ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். என்ன இருக்கிறது என்று எழுதப்படாத வலிநிவாரணத் தூள், நிறம் தரும் களிம்பு எல்லாவற்றிலும் ஸ்டீராய்டு ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. அட்ரினல் சோர்வு என்று ஒரு பெயர் உலவுகிறது. அப்படி ஒரு நோய் மருத்துவத்தில் கிடையாது. களைப்பு உண்மைதான், அதற்குக் காரணம் தேட வேண்டும், அந்தப் பெயரில் விற்கும் மாத்திரையை வாங்க வேண்டாம்.

கணையத்தில் குழாயுள்ள வேலையும் உண்டு, குழாயில்லாத வேலையும் உண்டு. செரிமான நீர் சுரக்கும் பெரும்பகுதியின் நடுவே சிறு சிறு தீவுகள்போலச் சில உயிரணுக் கூட்டங்கள். பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் 1869இல் அவற்றைப் பார்த்தார், எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்துதான் இன்சுலின் வருகிறது. உடம்பின் மொத்த ரத்தத்திலும் சர்க்கரை சுமார் ஐந்து கிராம், ஒரு சின்னக் கரண்டி. அந்த அளவு மாறாமல் இருக்க, சர்க்கரையை இறக்கும் இன்சுலினும் அதை ஏற்றும் குளூக்ககானும் நாள் முழுக்கத் தராசைப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன.

முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களே அழிந்துவிடுகின்றன. டொராண்டோவில் 1922 ஜனவரியில் லியனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் போடும்வரை இது வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. இன்றும் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து மூச்சு வாங்குவது என்று வரும் குழந்தையை வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். தண்ணீர் அதிகம் குடித்தானா, படுக்கையை நனைத்தானா, இளைத்தானா என்று கேட்டு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட்டால் உயிர் தப்பும். இரண்டாம் வகை வேறு. தொடக்கத்தில் இன்சுலின் குறைவதில்லை. ஏற்பியின் பக்கம் காது மந்தமாகிறது, கணையம் குரலை உயர்த்துகிறது. அந்த உரத்த குரலும் தோலில் தெரியும். பின்கழுத்தில், அக்குளில் வெல்வெட்டுப்போலத் தடித்த கறுப்பு. அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் குளிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது அழுக்கு இல்லை. வருடங்கள் போகப் போகக் கணையம் களைத்துவிடும். அப்போதுதான் வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரி 6.5 சதவீதம் என்ற எல்லைகளை எண்கள் தாண்டும்.

சூலகம், விதை இரண்டுக்கும் இதே கணக்கு. மாதவிடாய் நிற்கும் வயதில் சூலகம் ஓய்ந்துவிடும், சூலகத்துக்குப் பிட்யூட்டரி கொடுக்கும் கட்டளையான எஃப்.எஸ்.ஹெச். ஏறிக்கொண்டே போகும். உடம்பை முறுக்கேற்ற டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்குக் கட்டளை நின்று விதை சுருங்கி விந்தணு வற்றிவிடுகிறது. குழந்தை இல்லை என்று வரும்போதுதான் ஊசி விஷயத்தையே சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் 9க்கு வருகிறேன். முதலில் ஜோடி: டி4 பார்த்தீர்களா? டி4 குறைந்திருந்தால் மாத்திரை தேவை, பேச்சே இல்லை. டி4 இயல்பாக இருந்தால், பிட்யூட்டரி குரலை உயர்த்தி எப்படியோ வேலை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் பாருங்கள், தைராய்டு எதிர்ப்பொருளையும் சேர்த்து. தானாக இறங்கிவிடுவதும் உண்டு. 10ஐத் தாண்டி நிலைத்தால் பெரும்பாலும் மாத்திரை கொடுப்போம். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ இந்த 9க்கே தாமதிக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை பெரும்பாலும் தாயின் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. எழுபது எண்பது வயதென்றால் டி.எஸ்.ஹெச். சற்றுக் கூடியிருப்பது இயல்பாகவே இருக்கலாம், அவசரம் வேண்டாம். அப்புறம், முடி வளர பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? பல ஆய்வுக்கூடக் கருவிகளில் அது தைராய்டு எண்களைத் தப்பாகக் காட்டும். எத்தனை நாள் முன்பாக நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சோதனைக்குப் போங்கள்.

மாத்திரை தொடங்கினால் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. பத்தாம் நாளே போய் டி.எஸ்.ஹெச். பார்க்காதீர்கள். மாத்திரையில் இருப்பதும் டி4தான். அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், புதிய அளவில் நிலைகொள்ள ஐந்து வாரம்போல வேண்டும், பிட்யூட்டரி அதை நம்பிக் குரலை இறக்க இன்னும் கொஞ்சம். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து எடுக்கும் எண்தான் உண்மையான எண்.